ஓட்டப்போவது யார்?

பிள்ளைக்கு முதல் வண்டி வாங்கப் போகிறீர்களா? கடைக்குள் நுழையும் முன் புதுச்சேரிப் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் நேரு வீதியில் பொம்மைக் கடை வாசலைத் தாண்டிப் போவது பெற்றோருக்கு ஒரு சோதனை. ஹெட்லைட் எரியும் சிவப்பு ஜீப், காது வைத்த மஞ்சள் யானை வண்டி, பின்னால் கைப்பிடி நீட்டிய மூன்று சக்கர சைக்கிள் என்று வரிசை கட்டி நிற்கும். இரண்டு வயதுப் பிள்ளை ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். இறக்கினால் அழுகை, இறக்காவிட்டால் பத்தாயிரத்துக்கு மேல் செலவு. “வளர்ற புள்ளதானே, பெரிசாவே வாங்கிடு” என்று தாத்தா ஒரு பக்கம், “வீட்ல வைக்க இடம் எங்க?” என்று அம்மா ஒரு பக்கம். இதற்கிடையில் கடைக்காரர் ரிமோட்டை அப்பா கையில் கொடுப்பார். ஜீப் முன்னே போகும், பின்னே வரும், வளையும். அப்பாவின் முகம் மலரும். வியாபாரம் முடிந்தது.

அந்த நேரத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பது பிள்ளை. ஓட்டுவது அப்பா.

குழந்தை வண்டி வாங்குவதில் நிறம், பாட்டு, விளக்கு, விலை எல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: வண்டியை நகர்த்துவது யாருடைய பலம்? திருப்புவது யாருடைய கை? இரண்டுக்கும் ‘பிள்ளையுடையது’ என்று பதில் வந்தால் அது நல்ல வண்டி.

பின்னால் தள்ளிய ஊர்

இந்த விஷயத்தில் புதுச்சேரிக்குப் பழைய அனுபவம் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே புஷ்-புஷ் என்று ஒரு வண்டி ஓடியது. துரை முன்னால் உட்கார்ந்து, முன் சக்கரத்தோடு இணைந்த கம்பியைப் பிடித்து, போகும் திசையைப் பார்த்துக்கொள்வார். மோட்டாரும் கிடையாது, மாடும் கிடையாது. பின்னால் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். சைக்கிள் ரிக்‌ஷா வந்த பிறகு அது வழக்கொழிந்தது. ஒரு வண்டி புதுச்சேரி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இன்று ஒன்றரை வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, பின்னால் கைப்பிடி பிடித்துத் தள்ளும் மூன்று சக்கர சைக்கிள் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். துரையின் இடத்தில் பிள்ளை, தள்ளுகிறவர் இடத்தில் நாம். சில மாடல்களில் பிள்ளை கையில் ஹேண்டில்பார் இருந்தாலும், பின் கைப்பிடியைத் திருப்பினால்தான் முன் சக்கரம் திரும்பும். புஷ்-புஷ்ஷில் துரைக்கு இருந்த உரிமைகூட அதில் பிள்ளைக்கு இல்லை. கடற்கரையில் காற்று வாங்கக் கூட்டிப் போக அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிள்ளை ஓட்டும் வண்டி என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதல் வண்டியில் உட்கார இடமில்லை

தமிழ்ப் பிள்ளையின் முதல் வண்டி நடைவண்டி. மூன்று மரச் சக்கரம், நின்று பிடிக்க ஒரு குறுக்குக் கட்டை. உட்கார இடமே கிடையாது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் உருட்டி விளையாடுவதும் மூன்று சக்கரச் சிறுதேர்தான். பெரும்பாணாற்றுப்படையில் வரும் பிள்ளைகளின் தேரும் ஏறிப் போவதற்கானது அல்ல, உருட்டுவதற்கானது. தள்ளுகிற வேலை பிள்ளைக்கு என்பதில் அன்றைய தச்சர் தெளிவாக இருந்திருக்கிறார்.

நடைவண்டி இருந்த இடத்தைப் பல வீடுகளில் இப்போது வாக்கர் பிடித்துவிட்டது. நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் தட்டு, கீழே சின்னச் சின்ன உருளைகள். பிள்ளை அதில் தொங்கியபடி கால் நுனியால் தரையை உந்தும். இரண்டும் நடை பழக்கும் சாமான் என்றே விற்கப்படுகின்றன. வேலை நேர் எதிர். நடைவண்டியில் பிள்ளை தன் எடையைத் தன் காலில் தாங்குகிறது. கால் தளர்ந்தால் வண்டி நிற்கும் அல்லது பிள்ளை பொத்தென்று உட்காரும். வாக்கரில் எடையைத் துணி தாங்குகிறது. நிற்கவே தெரியாத பிள்ளைக்கு ஓடும் வேகம் மட்டும் கிடைத்துவிடுகிறது. வாசற்படி, மாடிப்படி, அடுப்படி என்று அம்மா எழுந்து வருவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். படியில் உருண்ட விபத்துகளால்தான் கனடா 2004-இல் வாக்கர் விற்பனைக்கே தடை போட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அது வேண்டவே வேண்டாம் என்கிறது.

‘பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டதே’ என்ற பதற்றம்தான் பல வீடுகளில் வாக்கரை வாங்க வைக்கிறது. இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிள்ளை தானாக நடக்கத் தொடங்குவது சுமார் 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் இருக்கலாம். இடையில் ஒன்பது மாத இடைவெளி. அந்த இடைவெளியைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது.

நடைவண்டி வாங்கினால் ஒன்று மட்டும் பாருங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் மரச் சக்கரம் வழுக்கிக்கொண்டு முன்னே ஓடும். பிடித்திருக்கும் பிள்ளை குப்புற விழும். சக்கரத்துக்கு ரப்பர் பட்டை போட்டதாக இருக்கட்டும். இல்லையென்றால் தொடக்கத்தில் வண்டி மேல் ஒரு சின்ன அரிசிப் பையைக் கட்டுங்கள். கனம் ஏறினால் வண்டி நிதானமாகும்.

ஒன்றரை வயது: கால் தரையில்

நன்றாக நடக்க வந்த பிறகுதான் உட்காரும் வண்டி. பெடல் இல்லாமல், இரண்டு காலாலும் தரையை உந்தி ஓட்டுகிற கார் அல்லது யானை வண்டி. விலை பெரும்பாலும் இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஜீப்போடு ஒப்பிட்டால் பார்க்கக் கொஞ்சம் ஏழை. ஆனால் முன்னே, பின்னே, வேகம், பிரேக் எல்லாம் பிள்ளையின் கால்தான். முதலில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பின்னால் போகத்தான் வரும். சுவரில் முட்டும், இறங்கும், வண்டியைத் திருப்பிவைக்கும், மறுபடி ஏறும். ஏறி இறங்குவதே பாதி விளையாட்டு.

இங்கே அளவு முக்கியம். பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள். பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விரல் மட்டும் தரையைத் தொட்டால் வண்டி பெரிது. ‘வளரும் பிள்ளைதானே’ என்று சட்டையைப் பெரிதாக எடுக்கலாம். கையை மடித்துவிட்டால் போயிற்று. வண்டியை மடிக்க முடியாது. கால் எட்டாத வண்டியில் பிரேக் இல்லை என்று பொருள்.

கடைகளில் மேஜிக் கார் என்று ஒன்று கிடைக்கும். பெடலும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டினால் வண்டி முன்னேறும். அச்சிலிருந்து தள்ளி வைத்த முன் சக்கரங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் தரையைப் பக்கவாட்டில் உந்துவதால் வரும் வேகம் அது. வழவழப்பான தரையில்தான் ஓடும். தார் ரோட்டிலும் மண்ணிலும் திணறும். கையை ஒரே சீராக ஆட்ட வேண்டும் என்பதால் மூன்று வயதுக்குப் பிறகே சரிப்படும். பழைய வீட்டு நீளத் தாழ்வாரமோ பெரிய கூடமோ இருப்பவர்களுக்கு அருமையான வண்டி.

மூன்று வயது, மூன்று சக்கரம்

குழந்தை மருத்துவப் பாடநூல்கள் மூன்று வயதுக்கு வைத்திருக்கும் அடையாளங்களில் ஒன்று, மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவது. ஏன் இரண்டு வயதில் முடியவில்லை? கால் எட்டாதது மட்டும் காரணம் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளையைப் பெடலில் கால் வைக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் அழுத்தும். ஒரு பெடல் இறங்க வேண்டுமானால் இன்னொன்று ஏற வேண்டும். இரண்டையும் அழுத்தினால் வண்டி அசையாது. ஒரு காலை அழுத்தும்போது மறு காலைத் தளர்த்தவேண்டும் என்பது மூளைக்குப் பிடிபட வேண்டிய கணக்கு. அது பிடிபடும் வரை எத்தனை விலை வண்டி வாங்கினாலும் பிள்ளை கத்தும், நாம் தள்ளுவோம்.

சைக்கிள் வளர்ந்த வரலாறும் இதே வரிசைதான். 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இரு சக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். 1860-களில் பாரிஸில் முன் சக்கரத்தில் பெடல் வந்தது. 1885-இல் இங்கிலாந்தில் பின் சக்கரத்துக்குச் செயின் போட்ட ரோவர் வந்த பிறகுதான் இன்றைய சைக்கிள். பெரியவர்களுக்கே எழுபது ஆண்டு பிடித்த பாடத்தைப் பிள்ளை நாலைந்து வருடத்தில் முடிக்கிறது. அதிலும் பிறந்தநாள் பரிசு என்று ஒரு வகுப்பைத் தாண்டிக் குதிக்கச் சொல்ல வேண்டாம்.

குழந்தை சைக்கிளின் பெடல் இன்றும் அந்தப் பாரிஸ் பாணியில் முன் சக்கரத்திலேயே பொருத்தியிருக்கிறது. சக்கரத்தின் குறுக்களவு 25 சென்டிமீட்டர் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 80 சென்டிமீட்டர்கூட நகராது. அதனால்தான் சின்னச் சக்கர சைக்கிளில் பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். நீங்கள் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் பெடல் பிள்ளையின் கெண்டைக்காலில் அடிக்கும், பாதம் வழுக்கிச் சக்கரத்துக்குள் போகும். தள்ளுவதற்கும் சேர்த்து வாங்குவதானால், பெடலைத் தனியாகக் கழற்றிவிடும் வசதியும் கால் வைக்கப் பலகையும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முக்காலி மேடு பள்ளத்திலும் ஆடாது. மூன்று சக்கர வண்டியும் நேராகப் போகும் வரை அப்படித்தான். திருப்பத்தில்தான் அது சாயும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் பக்கவாட்டில் தாங்க ஆளில்லை. ஆகவே இருக்கை தாழ்ந்தும், பின் சக்கரங்கள் இரண்டும் நன்றாக அகன்றும் இருக்கிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மேலே கூரை, பின்னால் கூடை என்று உயரம் கூட்டிய மாடல்கள் சீக்கிரம் கவிழும்.

இந்த வயதிலேயே பெடல் இல்லாத இரு சக்கர பேலன்ஸ் சைக்கிளும் கொடுக்கலாம். டிரைஸ் செய்ததன் குட்டி வடிவம் அது. சமநிலையை முதலில் பழகிவிடுவதால், பக்கச் சக்கரம் இல்லாமலே பிறகு பெரிய சைக்கிளுக்குப் போய்விடுகிறார்கள். ஹெல்மெட்டை இதோடு சேர்த்தே வாங்கிப் பழக்கிவிடுங்கள்.

பேட்டரி ஜீப்பின் கணக்கு

இப்போது அந்தச் சிவப்பு ஜீப்புக்கு வருவோம். பெரும்பாலானவை 6 அல்லது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் ஓடுபவை. வேகம் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர், அதாவது நாம் நடக்கும் வேகம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஓடும். இரண்டு மாதம் தொடாமல் மூலையில் போட்டால் பேட்டரி படுத்துவிடும். ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். வண்டியின் எடை பத்துப் பதினைந்து கிலோ. லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாம் மாடியிலிருந்து தினமும் அதைத் தூக்கி இறக்கப்போவது யார் என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

ரிமோட் ஒரு பாதுகாப்பு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ரிமோட் அப்பா கையில் இருக்கும் வரை பிள்ளை வெறும் பயணி. ரிமோட்டை வைத்துவிட்டால், எதை மிதித்தால் நிற்கும் என்று தெரியாத இரண்டு வயது டிரைவர். ஸ்டியரிங், பெடல் இரண்டையும் சேர்த்துக் கையாளும் நிதானம் மூன்று, நான்கு வயதில்தான் மெல்ல வருகிறது. அது வந்த பிறகு உந்தி, மிதித்து, வியர்த்து ஓடத்தான் அந்த வயதுக் கால் கேட்கிறது.

பிள்ளைக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். ஏ.எஃப்.டி. மைதானத்தில் பொருட்காட்சி போடும்போது வாடகை பேட்டரி காரில் பத்து நிமிடம் சுற்றட்டும். ஆசையும் தீரும், வீட்டில் இடமும் அடையாது. வரிக் கணக்கும் காலின் பக்கம்தான் நிற்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் மிதித்து ஓட்டும் குழந்தை சைக்கிள், பெடல் கார் போன்ற பொம்மைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; எலெக்ட்ரானிக் பொம்மைகளுக்கு 18.

கடையில் கவிழ்த்துப் பாருங்கள்

வண்டியை மேலே பார்ப்பது பிள்ளையின் வேலை. கவிழ்த்துப் பார்ப்பது உங்கள் வேலை. கூச்சப்படாமல் தலைகீழாக்குங்கள்.

அச்சு இரும்புக் கம்பியா, பிளாஸ்டிக்கா? இரும்பென்றால் அதன் முனையை மூடிய தொப்பி கையால் இழுத்தால் கழன்று வருகிறதா? சக்கரத்துக்கும் மேல் மூடிக்கும் இடையில் உங்கள் சுண்டு விரலை விட்டுப் பாருங்கள். பிள்ளையின் விரல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் அளவு இடைவெளி ஆகாது. பிளாஸ்டிக் வார்த்த இடத்தில் பிசிறு இருக்கிறதா என்று ஓரம் முழுக்கத் தடவுங்கள். பிறகு நிமிர்த்தி, இருக்கையில் கையை அழுத்திப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஏறி ஓட்டும் வண்டிகளைப் 10 டிகிரி சரிவில் நிறுத்திக் கவிழ்கிறதா என்று சோதிப்பது சர்வதேசப் பொம்மைத் தரத்தில் உள்ள ஒரு பரிசோதனை. கடையில் சரிவு பலகை இருக்காது. உங்கள் கை போதும்.

ஹாரன், பாட்டுப் பெட்டி இருந்தால் அதன் பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் வேண்டாம். காசு அளவிலான பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

அடுத்தது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். மின்சாரம் இல்லாத பொம்மைக்கு முத்திரையின் மேல் ஐ.எஸ். 9873 என்றும், பேட்டரி பொம்மைக்கு ஐ.எஸ். 15644 என்றும் இருக்கும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடை வாசலிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். முத்திரை இல்லாத சாமானை “இம்போர்ட்டட் சார்” என்று சொல்லி நீட்டினால் மயங்காதீர்கள். இறக்குமதிப் பொம்மைக்கும் அது கட்டாயம்தான். பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் மட்டும் விலக்கு உண்டு. தச்சரிடம் நடைவண்டி வாங்கும்போது முத்திரைக்குப் பதில் உங்கள் கண்ணும் கையும்தான் தர நிர்ணயம்.

சண்டே மார்க்கெட்டில் வாங்கலாமா?

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கடை விரித்தால் கிடைக்காத சாமான் இல்லை. குழந்தை வண்டி ஒரு வருடத்தில் சின்னதாகிவிடுகிற பொருள். அக்கா பிள்ளை ஓட்டியதைத் தம்பி பிள்ளைக்குக் கொடுப்பதுதான் முறை. பழையது வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. பிளாஸ்டிக்கை அழுத்திப் பாருங்கள். நிறம் வெளுத்து, லேசாக வளைத்தாலே வெண்கோடு விழுந்தால் வெயிலில் மக்கிய பிளாஸ்டிக். ஓடும்போது உடைந்தால் அதன் முனை கத்தி. இரண்டாவது, பழைய பிரெஞ்சு வீட்டுச் சாமான் என்று வரும் மரக்குதிரை, தகர கார் போன்றவை. அழகுதான். ஆனால் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயின்ட் உரியும் குதிரையை வரவேற்பறையில் வையுங்கள். வாயில் கை வைக்கும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு இந்த ஊரின் எதிரி உப்புக்காற்று. கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அச்சையும் திருகாணியையும் துடைத்து, மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். மொட்டை மாடியில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். ஓட்டவும் மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர் ஓரம் வண்டியை நிறுத்தினால் அதுவே ஏறி எட்டிப் பார்க்கப் படியாகிவிடும். பட்டுப் பாவாடை, துப்பட்டா, நீள ரிப்பன் எல்லாம் வண்டி நேரத்தில் வேண்டாம். செயினிலும் சக்கரத்திலும் முதலில் மாட்டுவது அவைதான்.

வண்டி இருக்கிறது, தெரு?

இத்தனையும் பார்த்து வாங்கியாயிற்று. எங்கே ஓட்டுவது?

தினமும் மாலை 6 மணிக்கு பீச் ரோட்டில் தடுப்பு வைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு மோட்டார் வண்டி கிடையாது. இந்தியாவில் எத்தனையோ ஊர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. பாரதி பூங்கா இருக்கிறது. லாஸ்பேட்டைக்காரர்களுக்கு ஹெலிபேட் மைதானம் இருக்கிறது. சனி, ஞாயிறு மாலைகளில் பீச் ரோடு சுற்றுலாக் கூட்டத்தில் நெருங்கும். நடக்கிறவர் காலில் நம் பிள்ளை முட்டும். வார நாள்களில், அல்லது காலை ஏழுக்குள் போவது மேல்.

ஆனால் முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் உருளையன்பேட்டையிலும் குடியிருக்கிறவர்கள் தினமும் வண்டியைத் தூக்கிக்கொண்டு பீச்சுக்கு வர முடியுமா? அவர்களுடைய தெருவில் முன்பு திண்ணை இருந்தது, திண்ணையில் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி இருந்தாள். இன்று திண்ணை இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. தெருவின் மிச்சத்தில் கார் நிற்கிறது. வாங்கிய சைக்கிள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே நான்கடி ஓடி நிற்கிறது. தெருவே தேவையில்லாத பொம்மை எது என்று பார்த்தால் அது செல்போன்.

நாம் எதற்கெடுத்தாலும் ஒப்பிடும் பாரிஸில், 2025 மார்ச்சில் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள்: இன்னும் 500 தெருக்களில் மோட்டார் போக்குவரத்தை நிறுத்திவிடலாமா என்று. வாக்களிக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள். பள்ளி வாசல் தெருக்களைப் பிள்ளைகளுக்கென்று மூடும் வேலை அங்கே அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. புதுச்சேரி அதைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை; பீச் ரோட்டில் அது தினமும் செய்வதுதான். பேட்டைக்கு ஒரு தெரு, மாலையில் ஒரு மணி நேரம், இரண்டு தடுப்புக் கட்டை, ஒரு போலீஸ்காரர். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

கேட்கத்தான் ஆள் குறைவு. 2006-க்குப் பிறகு பல ஆண்டுகளாக உள்ளாட்சித் தேர்தலே நடக்காத ஊர் இது. போய் முறையிட வார்டு கவுன்சிலர் கிடையாது. மிச்சமிருப்பவர் எம்.எல்.ஏ.தான். ஓட்டுக் கேட்டு அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது சாலை போட்டீர்களா, தண்ணீர் விட்டீர்களா என்பதோடு இதையும் கேளுங்கள்: எங்கள் பிள்ளை சைக்கிள் ஓட்ட எந்தத் தெருவை, எத்தனை மணிக்கு மூடுவீர்கள்? பதில் வரும் வரை ஜீப்பை வாங்காதீர்கள்.